சத்து மாஸ்டரும் காய் வெந்த தண்ணீரும்

பஸ் பணிமனை கேன்டீனில் இருபத்தாறு வருஷமாகக் குழம்பு வைக்கும் அந்த மனிதரின் சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. மெக்கானிக்குகளுக்கும் வெல்டர்களுக்கும் மாடி ஆபீஸ் ஆட்களுக்கும் அவர் சத்து மாஸ்டர். பெயருக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். தட்டோடு வரிசையில் நிற்பவன் எவனாக இருந்தாலும், குழம்பு கரண்டியிலிருந்து தட்டில் விழுவதற்குள் அதில் கிடக்கும் ஒவ்வொரு காயின் அருமை பெருமையும் அவன் காதில் விழுந்துவிடும். போதாததற்குப் பரிமாறும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. தினமும் காலையில் பச்சை மையில் எழுதுவார்: கேரட், கண்ணுக்கு நல்லது. பீன்ஸ், நார்ச்சத்து. பருப்பு, புரதம். ஒருநாள் பெயின்டர் ஒருவன் கீழே ஒரு வரி சேர்த்துவிட்டான்: மாஸ்டர் திட்டு, இரும்புச்சத்து. அதை அழிக்காமல் ஒரு வாரம் விட்டுவைத்தார். அந்த அளவுக்கு நல்ல மனுஷர்தான்.

அவருடைய காய்க்குழம்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் அது நன்றிகெட்டதனம். பாசிப்பருப்பு தனியாகக் குழைய வேகும். கேரட்டும் பீன்ஸும் முதலில் பாத்திரத்துக்குள் போகும், பிறகு முருங்கைக்காய், கத்தரிக்காய், கடைசியில் பூசணி. சீரகம், மிளகு, பச்சை மிளகாய், தேங்காய் நான்கும் அரைத்துச் சேர்ந்ததும் ஒரே ஒரு கொதி, அவ்வளவுதான். கடுகும் கறிவேப்பிலையும் எண்ணெயில் வெடித்து மேலே விழும்போது பணிமனையின் மறுகோடியில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருப்பவனுக்கும் பசி எடுக்கும்.

சட்டதிட்டங்களும் ஏராளம். காயைக் கழுவிவிட்டுத்தான் வெட்ட வேண்டும், வெட்டிவிட்டுக் கழுவினால் சத்து கரைந்து சாக்கடைக்குப் போகும். தோலை மெலிதாகச் சீவு. பெரிய துண்டாக நறுக்கு. மூடி போட்டு வேகவை. எல்லாவற்றுக்கும் மேலாக, காய் வெந்த தண்ணீரை ஒரு சொட்டுக்கூடக் கீழே கொட்டாதே. கேன்டீனுக்குப் புதிதாக வந்த சமையல்காரர் ஒருவர் தெரியாத்தனமாகக் காயை வடிகட்டித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டார். மாஸ்டர் அவரிடம் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசியதும் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இருபது வயதில், கையில் வேலை இல்லாமல் இந்த ஊருக்கு வந்து, ஒரு பெரிய ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அங்கே காயை அண்டா அண்டாவாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுவார்கள். காலைச் சாப்பாடு கிடைக்காத நாட்களில் அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் பிடித்து, உப்பும் மிளகும் தட்டிப் போட்டு, சுடச்சுடக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்குவார். யாரும் கணக்குக் கேட்காத ஒரே ஆகாரம் அது. என் உடம்பில் ஓடுவது பாதி ரத்தம், பாதி காய்த் தண்ணீர் என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் அதை அவர் மனசாரவே நம்பினார். சோறு போட்ட கையை மறக்காதவர்கள் உண்டு. இவர் தண்ணீரைக்கூட மறக்காதவர்.

வீட்டில் அவருக்கு வாய்த்தவர் நேர்மாறு. மார்க்கெட்டுக்கு எதிரே உள்ள துணிக்கடையில், வாங்கிய பேன்ட்டின் காலைக் குறைத்துத் தைத்துக் கொடுப்பது அந்த அம்மாளின் வேலை. தெருவில் எல்லோருக்கும் தையலம்மா. மாஸ்டர் நூறு வார்த்தை பேசினால் தையலம்மா ஒன்று பேசுவார், அந்த ஒன்று குறிபார்த்து விழும். கல்யாணமான புதிதில் மாஸ்டர் வெண்டைக்காயின் மகிமையைக் கால் மணி நேரம் விளக்கியபோது, கேட்டு முடித்துவிட்டு, "சரி, இப்போ சாப்பிடலாமா, இல்ல பரீட்சை இருக்கா?" என்று கேட்டவர். முப்பத்தொரு வருஷத்தில் மாஸ்டர் வைத்த எதையும் தையலம்மா வேண்டாம் என்று ஒதுக்கியதில்லை. மகளைப் படிக்கவைத்து வேறு ஊருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னலோரம் தையல் மெஷின். குறையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

போன வருஷம் தையலம்மாவின் கால் வீங்கியது. மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வீக்கம் என்று இருவரும் ஒருமனதாக முடிவுகட்டி, இரண்டு மாதம் தைலம் தேய்த்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்றார். பல வருஷமாகக் கண்டுகொள்ளாத ரத்த அழுத்தம் செய்த வேலை. இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் டயாலிசிஸைப் பல காலம் தள்ளிப் போடலாம், ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஐந்துக்குக் கீழே நிற்க வேண்டும், இப்போது ஐந்து புள்ளி ஏழு, இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாஸ்டருக்குக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் காதில் நின்றன.

அடுத்த அறையில் உணவு ஆலோசகர் இருந்தார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. எல்லோரும் டயட் மேடம் என்றார்கள். நல்ல சிறுநீரகம் வேண்டாத பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும், அம்மாவுடையது தள்ளாது, அதனால் சாப்பாட்டிலேயே குறைக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு ஒரு தாளை நீட்டினார். மாஸ்டர் படித்தார். தோலைத் தடிமனாகச் சீவவும். சிறு துண்டாக நறுக்கவும். நறுக்கிய பின் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைக்கவும். அந்த நீரைக் களைந்து, நிறைய நீரில் மூடாமல் வேகவைக்கவும். வெந்ததும் நீரை வடிக்கவும். தேங்காய், முருங்கைக்காய், பூசணி, தக்காளி, கீரை தவிர்க்கவும். பருப்பு ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

இருபத்தாறு வருஷம் எதையெல்லாம் செய்யாதே என்று ஊருக்கு உபதேசம் செய்தாரோ, அதையெல்லாம் வரிசையாகச் செய் என்கிறது தாள். மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு, இப்படி வேகவைத்தால் காயில் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டார். நார் இருக்கும், ருசி இருக்கும், அம்மாவுக்கு அது போதும் என்றார் டயட் மேடம். தையலம்மா தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பரவாயில்லை, இனிமேல் பாடம் கேட்காமல் சாப்பிடலாம் என்றார்.

மாஸ்டர் சொல்பேச்சுக் கேட்பவர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். மறுநாளிலிருந்து விடிந்ததும் எழுந்து சுரைக்காயையும் பீன்ஸையும் கேரட்டையும் தாளில் சொன்னபடி பொடிப்பொடியாக நறுக்கி ஊறப்போடுவார். ஊறிய தண்ணீர் கையில் சில்லென்றிருந்தது, அதைக் கொட்டுவதில் அவருக்குச் சங்கடமில்லை. அடுப்பில் காய் வேகும். தாராளமாகத் தண்ணீர், மூடி கிடையாது. வெந்ததும் வடிதட்டில் சாய்ப்பார். வெந்த காயில் சீரகமும் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுத் தாளித்து மனைவிக்கு வைப்பார். எதிலும் பிசகில்லை.

வடிதட்டுக்குக் கீழே ஒரு பாத்திரம் இருந்தது. அதில்தான் வினை.

லேசான ஆரஞ்சு நிறத்தில் ஆவி பறக்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது, ஓட்டலின் பின்கட்டும் தன் இருபது வயதும் கண்முன் வந்திருக்க வேண்டும். கை தொட்டி வரைக்கும் போனது, சாயவில்லை. மனைவியோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தார். சக்கையைத் தின்றால் ஏன் இளைக்கமாட்டாள் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். டாக்டர் காயில்தான் ஏதோ இருக்கக்கூடாது என்கிறார். சரி, காயிலிருந்து எடுத்தாகிவிட்டது. தண்ணீரை வடிக்கச் சொன்னார்கள். வடித்தாகிவிட்டது. வடித்த தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று தாளில் எங்கே இருக்கிறது? முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இல்லை. வேறு எவருக்கும் வராத இந்த யோசனை, வாழ்நாளெல்லாம் காய் வெந்த தண்ணீரைக் காப்பாற்றிய ஒரு சமையல்காரருக்குத்தான் வரும்.

ஆக, தினமும் ஒரு சூப். தனக்கான காயையும் சேர்த்து வேகவைத்து, இரண்டு பங்குத் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றி, பாதியாகச் சுண்டவிட்டு, மிளகுத்தூள் தூவுவார். உப்பு கிடையாது, அதைத்தான் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறாரே. சாயங்காலம் கேன்டீனிலிருந்து வந்ததும் சூடாக்கிப் பெரிய டம்ளரில் ஊற்றி, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குடித்து முடியும்வரை எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். சில நாள் மட்டும் பால் வாங்கக் கீழே இறங்குவார். திரும்பும்போது டம்ளர் காலியாக இருக்கும். மகள் போனில் விசாரித்தபோது, அம்மாவை நான் தேற்றிவிடுவேன், நீ கவலைப்படாதே என்றார். அந்த நான்கு வாரமும் மனுஷர் சந்தோஷமாகவே இருந்தார்.

ஐந்தாவது வாரத்தின் முதல் நாள் காலை. பத்து மணிக்குக் கடையிலிருந்து கேன்டீனுக்குப் போன் வந்தது. மெஷினை மிதித்துக்கொண்டிருந்த தையலம்மாவுக்குக் கால் அசையவில்லையாம், எழுந்து நிற்கப் போய்ச் சரிந்துவிட்டாராம். மாஸ்டர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினார். ஆஸ்பத்திரியில் தையலம்மாவின் மார்பில் ஒயர்கள், கையில் ஊசி. பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு. இன்னும் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். இதயத்துக்கு ஒரு மருந்து ஏற்றினார்கள், பொட்டாசியத்தை இறக்க ஒன்று ஏற்றினார்கள், ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். மாலைக்குள் ஆறுக்குக் கீழே வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றிருந்த மாஸ்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. தாளில் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தும் ஏன் இப்படி என்பது மட்டும் பிடிபடவில்லை.

மறுநாள் டயட் மேடம் வந்தார். கையில் அதே தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்து மாஸ்டர் எழுந்து நின்றார். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"மாஸ்டர், முந்தாநாள் சமைச்சீங்கல்ல. கத்திய கையில எடுத்ததுலருந்து எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

சமையலைச் சொல்லச் சொன்னால் மாஸ்டருக்குத் தெம்பு வந்துவிடும். சுரைக்காயின் தோலை எத்தனை கனத்தில் சீவினார், துண்டு எத்தனை சின்னது, எவ்வளவு நேரம் ஊறியது, மூடாமல் எப்படி வேகவைத்தார் என்று கைகளால் காற்றில் நறுக்கிக் காட்டிக்கொண்டே போனார். டயட் மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டித் தாளில் ஒரு சரிக்குறி போட்டார். வடித்ததைச் சொன்னார், சரிக்குறி. தாளித்ததைச் சொன்னார், சரிக்குறி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம். அப்புறம் அந்தத் தண்ணிய நல்லா சுண்டவச்சு, கொஞ்சம் மிளகு போட்டு, சாயங்காலம் குடிக்கக் குடுப்பேன். காய்ல சத்து போயிடுதே, அதை ஈடுகட்ட..."

பேனா நின்றது. டயட் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மாஸ்டர், காய்லருந்து எதை எடுக்கணும்னு இவ்வளவு பாடுபட்டீங்களோ, அது அந்தத் தண்ணியிலதான் இருக்கு."

புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் கொடுமை. கரையும், தண்ணீரோடு போகும் என்று இருபத்தாறு வருஷம் பலகை போட்டுப் பாடம் எடுத்தவர் அவர். கரைந்தது எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. உலகத்தில் எல்லோருக்கும் தெரிவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மனைவியைப் பார்த்தார். இரண்டு பங்கு போட்டேனே என்று மட்டும் சொன்னார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வராந்தாவில் போவோர் வருவோர் பார்த்தார்கள், அவர் கவலைப்படவில்லை.

அந்தப் பெண் எழுந்து போயிருக்கலாம். படித்தவர்களுக்கு அது சுலபம். போகவில்லை. அழுது முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "தப்புல எனக்கும் பங்கு இருக்கு. வடிச்சிடுங்கன்னு எழுதினேன். கீழ கொட்டிடுங்கன்னு எழுதல" என்றார். மாஸ்டரின் கண்ணெதிரிலேயே தாளின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்தார்: வடித்த நீரைக் கொட்டிவிடவும், சூப்பாகவோ ரசமாகவோ நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம். இனி அச்சடிக்கும் எல்லாத் தாளிலும் இந்த வரி இருக்கும் என்றார். தன் மகளுக்கு நிகராக அந்தப் பெண்ணை மாஸ்டர் நினைப்பது அன்றிலிருந்துதான். இன்றைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் ஒரு கும்பிடு போடாமல் வரமாட்டார்.

ஐந்தாம் நாள் தையலம்மா வீடு திரும்பினார். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அந்த முறை எண் இறங்காவிட்டால் டயாலிசிஸ்தான், வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாஸ்டர் செருப்பைக் கழற்றியதும் முதலில் செய்த காரியம், சமையலறைக் கதவைச் சாத்தியது. நோயாளிகளுக்கென்று சமைத்துக் கொடுக்கும் ஓர் இடத்தை மகள் விசாரித்து வைத்திருந்தாள், தினமும் பார்சல் வந்துவிடும் என்றார். சாயங்காலம் பார்சல் வந்தது. தையலம்மா திறந்து, ஒரு வாய் எடுத்து, மெதுவாக மூடிவைத்தார்.

"ஏங்க, எனக்கு நீங்கதான் ஆக்கணும்."

"நான் ஆக்கினதாலதானே இந்தக் கதி."

"நீங்க ஆக்கினதாலதான் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். அதைக் கணக்குல சேர்க்க மாட்டீங்களா?"

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்தியை எடுக்கவே பயமாக இருக்கிறது என்றார். தையலம்மா எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, சமையலறைக் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து டயட் மேடம் வரி சேர்த்துக் கொடுத்த தாளை எடுத்து விரித்து, நான் வாசிக்கிறேன், நீங்கள் செய்யுங்கள், பயம் இருந்தால் இருக்கட்டும் என்றார். பேன்ட்டின் காலை அளந்து பழகியவர்களுக்கு அரை அங்குலம் பிசகினாலும் பொறுக்காது. அந்த விதத்தில் மாஸ்டருக்கு அதிர்ஷ்டம்தான்.

முட்டைக்கோஸும் சுரைக்காயும் ஒரு கேரட்டும் இருந்தன. தையலம்மா வரி வரியாக வாசித்தார், மாஸ்டர் செய்தார். ஊறவைக்கும் இரண்டு மணி நேரமும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். காய் வெந்தது. மாஸ்டர் வடிதட்டை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தார். கீழே பாத்திரம் வைக்கவில்லை. கொதிக்கும் பாத்திரத்தைத் துணியால் பிடித்துச் சாய்க்கும் நேரத்தில் கை ஒரு கணம் நின்றது. தையலம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாஸ்டர் சாய்த்தார். ஆவி எழுந்து முகத்தை மறைத்தது. தண்ணீர் சடசடவென்று குழாய்க்குள் இறங்கி மறைந்தது. தன்னை வளர்த்த தண்ணீருக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டாராம். பின்னால் அவரே சொன்னது.

பிறகுதான் சமையல்காரர் விழித்துக்கொண்டார். தேங்காய் இல்லை, தக்காளி இல்லை, உப்பு கிள்ளுகூட முழுசாக இல்லை. ருசிக்கு எங்கே போவது? ஒரு கரண்டி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, அதன் தண்ணீரையும் கொட்டிவிட்டு, மசித்தார். சீரகத்தைச் சிவக்க வறுத்துப் பொடித்தார். பூண்டை நசுக்கி எண்ணெயில் பொன்னிறமாக விட்டு, கடுகு, கறிவேப்பிலை, ஒரு காய்ந்த மிளகாய். காயைப் பருப்போடு பிரட்டி இறக்கி, நான்கே சொட்டு எலுமிச்சை. அவருடைய காய்க்குழம்பின் அண்டைவீட்டுப் பிள்ளை மாதிரிதான் இருந்தது, சொந்தப் பிள்ளை என்று சொல்ல முடியாது. தையலம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டார். மாஸ்டர் வழக்கம்போல எதிரே உட்கார்ந்திருந்தார், ஆனால் எந்தக் காயில் என்ன இருக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை.

கேன்டீனுக்கு ஆறு நாள் கழித்துப் போனார். அந்த ஆறு நாளும் இருநூறு பேர் ரொட்டியைத் தின்று நாக்குச் செத்துக் கிடந்தார்கள். அவர் அடுக்கிச் சொல்லும் சத்துகளின் அருமை ஒருவழியாகத் தெரிந்துபோயிற்று. அண்டாவில் பழையபடி பூசணியும் முருங்கையும் தேங்காயும் கொதித்தன, நல்ல உடம்புக்கு அது நல்ல சாப்பாடுதான். தண்ணீரையும் கொட்டவில்லை. பலகையில் மட்டும் கேரட், பீன்ஸ், பருப்புக்குக் கீழே ஒரு வரி புதிதாக ஏறியது: டாக்டர் உங்களுக்கு ஏதாவது கூடாது என்று சொல்லியிருந்தால், வெட்கப்படாமல் என்னிடம் வந்து சொல்லவும். பெயின்டர் உட்பட எவனும் அதற்குக் கீழே கிறுக்கவில்லை. மூன்றாம் நாள், பணிமனையிலேயே முரட்டு ஆள் என்று பெயரெடுத்த வெல்டர், எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு வந்து, தனக்கும் போன மாதம் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தைப் பற்றி அதேதான் சொன்னார்கள், வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றார். மறுநாளிலிருந்து அடுப்பின் ஓரத்தில் ஒரு சின்னப் பாத்திரம் தனியாக வெந்தது. அதன் தண்ணீரை மாஸ்டரே நின்று கொட்டினார்.

இரண்டு வாரம் கழிந்தது. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு இருவரும் பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் எட்டுத் தடவை எழுந்து ஜன்னலில் விசாரித்தார். எட்டாவது தடவை ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் எரிச்சலோடு காகிதத்தை நீட்டினாள். மாஸ்டர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். நான்கு புள்ளி ஒன்பது. நம்பாமல் காகிதத்தின் மேலே பெயரைச் சரிபார்த்தார். பெயர் சரி. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து காகிதத்தை மனைவியிடம் கொடுத்தார். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், எதிரே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு வணக்கம் வைத்தார். அவரும் திருப்பி வைத்தார்.

தையலம்மா காகிதத்தைப் படித்து, மடித்து, பைக்குள் போட்டார்.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

மாஸ்டர் திரும்பினார்.

"அந்த சூப்பு எனக்குப் பிடிக்கவே இல்ல. முதல் நாள்லருந்தே. வாய்ல வைக்க முடியல."

"அப்புறம் ஏன் குடிச்ச?"

"நீங்க பால் வாங்கக் கீழ எறங்குவீங்கல்ல. அப்போ டம்ளர எடுத்துக்கிட்டுத் தொட்டிகிட்ட போவேன். ஊத்திடலாம்னுதான் போவேன். நாள் பூரா இருநூறு பேருக்கு ஆக்கிட்டு வந்து, எனக்குன்னு நின்னு காய்ச்சினது. கொட்ட மனசு வரல. அங்கயே நின்னு குடிச்சிட்டு வந்துடுவேன்."

இரண்டு வாரத்துக்கும் மேலாக மாஸ்டர் தனக்குத்தானே ஒரு தண்டனை விதித்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரைக் கொட்ட மனசு வராத ஒரே முட்டாள் உலகத்தில் தான் மட்டும்தான் என்பது அவருடைய தீர்ப்பு. அதே தொட்டிக்கு முன்னால், அதே தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொருவரும் நின்றிருக்கிறார். வராந்தாவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிடத்தில் அப்படிப் பிடிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"இனிமே பிடிக்கலன்னா கொட்டிடு. என் முகத்தப் பார்க்காத."

"சரி, கொட்டிடறேன்" என்றார் தையலம்மா. சற்றுப் பொறுத்து, "நேத்து வச்ச முட்டைக்கோஸ்ல பூண்டு தீஞ்சிருந்தது" என்றார்.

அந்த சூப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், முப்பத்தொரு வருஷத்தில் மாஸ்டர் தன் சமையலைப் பற்றி மனைவியின் வாயால் கேட்ட முதல் குறை அது. அதற்காக அவர் மனைவிக்கு நன்றி சொன்னார்.